எல்லார் குரலும், லைபல் குரல் தவிர

பிரௌன்ஸ்வில், புரூக்ளின்
நவம்பர் 19, 1928

லைபலுக்கு,

நீ சரனாக் லேக் மலை விடுதிக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று உன்னோடு ஒரே அறையில் இருக்கும் கஸ் எழுதிப் போட்ட அட்டை கிடைத்தது. கையெழுத்து கோழி கிளறியது போல இருந்தாலும் விஷயம் புரிந்தது. காசம் நெஞ்சிலிருந்து தொண்டைக்கு ஏறிவிட்டதாம். வசந்தம் தாண்டும் வரை நீ வாயைத் திறக்கவே கூடாதாம், கிசுகிசுப்புக்கூடக் கூடாதாம். படித்ததும் எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பிறந்ததிலிருந்து வாய் மூடாத பயலுக்கு இப்படி ஒரு வைத்தியமா என்று. பிறகு அடுப்படிக்குப் போய் அழுதேன். அம்மா என்னவென்று கேட்டாள். வெங்காயம் என்றேன்.

அம்மாவுக்கு எதுவும் தெரியாது, தெரியவும் கூடாது. அப்பாவைக் கொண்டுபோன நோய் இது. இதன் பெயரைக் கேட்டால் உனக்கு முன்னால் அவள் போய்விடுவாள். ஆகையால் நீ மேற்கே ஊர் ஊராக மேடை ஏறிக்கொண்டிருக்கிறாய், இந்த வாரம் டென்வரில் இருக்கிறாய். அவளுக்குக் கண்ணில் புரை முற்றி இப்போது வெளிச்சமும் இருட்டும்தான் தெரிகின்றன. கடிதத்தை நான்தான் படித்துக் காட்டுகிறேன். நீ என்ன எழுதினாலும் என் வாயில் அது டென்வர் ஆகிவிடும், கவலைப்படாதே.

இனி சண்டை. நோயாளியிடம் சண்டை போடக் கூடாது என்பார்கள். உன் வாய் அடைபட்டிருக்கும்போது போடாவிட்டால் வேறு எப்போது நான் ஜெயிப்பது?

நமக்கு மேடை பிடித்துத் தரும் கிராட்ஸிடம் போயிருந்தேன். நீ குணமாகி வந்ததும் வசந்தத்தில் நமக்கு ஏதாவது ஊர் கிடைக்குமா என்று கேட்டேன். அந்த மனுஷன் சுருட்டைக்கூட வாயிலிருந்து எடுக்கவில்லை.

"எந்த ஐட்டத்தைச் சொல்றே? உன் தம்பி எல்லாரை மாதிரியும் பேசுவானே, நீ பியானோ வாசிப்பியே, அதுவா? அது எரிஞ்சு போச்சும்மா. டோலீடோல கேட்டா, 'அந்தப் பையனா? போன வாரம்தான் படத்துல பார்த்தோம்'ங்கிறான். பஃபலோல கேட்டா அதையேதான் சொல்றான். பேசும் படத்துல போய் மொத்தத்தையும் கொட்டிட்டு வந்துட்டான். இனிமே அதை எவன் மேடையில வாங்குவான்?"

அவர் சொல்வது எனக்குப் புரியாமல் இல்லை. ஒரு ஊர் நம்மை ஒரு வாரம் பார்க்கும், பிறகு இரண்டு வருஷம் மறந்துவிடும். நாம் அதே பத்து நிமிஷத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவோம். அதை வைத்துத்தானே இத்தனை நாள் சாப்பிட்டோம்? நீ என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அந்தப் படக் கம்பெனிக்காரனிடம் கையெழுத்துப் போட்டாய். ஒரே நாளில் எல்லா ஊருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டாய். அதில் பியானோகூட இல்லை. கம்பெனியின் வாத்தியக்காரர்கள் வாசித்தார்கள், நான் வெளியே நடையில் மூட்டைக்காரி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்றும் கேட்டுக்கொள். பிட்கின் அவென்யூ தியேட்டரில் நான் ஊமைப் படங்களுக்கு வாசிக்கிறேனே, அங்கேயும் பேசும் இயந்திரம் வைக்கிறார்கள். வருஷம் பிறந்தால் நான் வேண்டாமாம்.

முட்டையும் பாலும் ஒழுங்காகச் சாப்பிடு. கோபம் தீரவில்லை.

பெய்லா


சரனாக் லேக்
நவம்பர் 27, 1928

அன்புள்ள அக்கா,

டென்வரில் பனி முழங்கால் அளவு. இது அம்மாவுக்கு.

இனி உனக்கு. என் கழுத்தில் ஒரு சிலேட்டைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. நான் எழுதுவேன், கஸ் அதை உரக்கப் படிப்பான். அவன் சர்க்கஸில் ஊஞ்சல் ஆடியவன், கூடாரத்தின் உச்சியிலிருந்து கீழே கத்திப் பழகிய தொண்டை. நேற்று நர்ஸிடம் 'கொஞ்சம் வெந்நீர் கிடைக்குமா' என்று நான் பணிவாக எழுதினேன். அவன் படித்ததைக் கேட்டால் தீப்பிடித்துவிட்டது என்று நினைப்பாய்.

இந்த வீட்டில் படுத்திருப்பவர்கள் எல்லாரும் மேடைக்காரர்கள்தான். பனி கொட்டும் தாழ்வாரத்தில் கட்டிலைப் போட்டு மூக்கு மட்டும் தெரியும்படி கம்பளியில் சுற்றிவிடுகிறார்கள். குளிர்தான் மருந்தாம். சிரிக்கவும் தடை, நுரையீரல் அதிரும் என்று. நான்கு கோமாளிகள் வரிசையாகப் படுத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கிறோம், பார்த்தால் போச்சு. வீட்டுக்காரி காலையில் நம் யூத வீட்டில் தொடவே தொடாத பன்றி இறைச்சியைப் பொரித்து வைக்கிறாள். அதையும் டென்வரில் சேர்த்துவிடாதே.

கையெழுத்துப் போட்டது நான்தான். உன்னைக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் நீ விட்டிருக்க மாட்டாய். ஆனால் நடையில் உட்கார்ந்திருந்த உனக்கு உள்ளே நடந்தது தெரியாது. கேள்.

காமிராவையும் அதை ஓட்டுகிறவனையும் ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள், அது இரையும் சத்தம் வெளியே வரக் கூடாதாம். அந்த ஆள் வெந்து வெளியே வருவான், தண்ணீர் ஊற்றி மறுபடி உள்ளே தள்ளுவார்கள். ஒலிவாங்கி பூ ஜாடிக்குள் இருந்தது. பூவைப் பார்த்துப் பேச வேண்டும். சத்தம் மெழுகுத் தட்டில் ஏறுகிறது, அதில் ஒட்டுப் போட முடியாது. ஆரம்பித்தால் கடைசி வரை ஒரே மூச்சு. பாட்டுக்கார டார்மண்ட், நடிகை டாலி வேன், செனட்டர், ரேடியோ பாதிரியார், கிழட்டுக் கோமாளி விட்லாக், எல்லாரும் வரிசையாக என் வாயில் வந்து போக வேண்டும். நடுவில் ஒரு இருமல் வந்தாலும் மெழுகு பாழ்.

அக்கா, அன்று நான் மூன்று மெழுகைப் பாழாக்கினேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒலிப்பதிவு செய்தவன் கையை உதறினான். நாலாவது தடவை விட்லாக் செய்யும்போது மறுபடி வந்தது. அடக்க முடியவில்லை. அப்படியே விட்லாக் இருமுவதாகக் குனிந்து இருமிவிட்டேன். கண்ணாடிக்காரன் சிரித்தான், அந்தத் தட்டே படத்தில் நின்றுவிட்டது. தொழிலுக்கு நான் செய்த உருப்படியான வேலை அதுதான்.

உன் பியானோ வேலை போனதற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. சிலேட்டில் எழுதிப் பார்த்து அழித்துவிட்டேன்.

லைபல்


பிரௌன்ஸ்வில்
ஜனவரி 21, 1929

லைபலுக்கு,

இதைப் படிக்கும்போது கஸ்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதே. தனியாகப் படி.

உன் படம் நம் தியேட்டருக்கே வந்துவிட்டது. என்னை அனுப்பிய அதே தியேட்டர், நான் உட்கார்ந்த இடத்தில் இப்போது செடித் தொட்டி வைத்திருக்கிறார்கள். அம்மாவிடம் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றிருந்தேன். கீழே மிட்டாய்க் கடை வைத்திருக்கும் ஓர்லின்ஸ்கி மாமி இருக்கும்போது இந்தத் தெருவில் எதை மறைக்க முடியும்? படியேறி வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் பையன் சுவத்துல நின்னு பேசுறான்டி! வாய் அசையுது, சத்தம் வருது, நான் என் ரெண்டு காதால கேட்டேன். நீ இங்க உக்காந்து சாக்ஸ் பின்னிட்டு இருக்கே!"

அதற்கப்புறம் அம்மாவைப் பிடிக்க முடியுமா? ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்குக் கிளம்பிவிட்டாள். பண்டிகைக்குப் போடும் கறுப்புப் பட்டு உடுப்பு, தலையில் புதுத் துணி. பார்க்க முடியாதே அம்மா என்றேன். "பாக்குறதுக்கா போறேன்? அவன் குரலைக் கேட்டு எத்தனை நாளாச்சு! நீ கடிதம் படிக்கிறப்ப அவன் மாதிரியே இழுத்து இழுத்துப் படிக்கிறே. அது எனக்கு வேணாம்" என்றாள். நான் அப்படிப் படிக்கிறேன் என்று எனக்கே அதுவரை தெரியாது.

நடு வரிசையில் உட்கார்ந்தோம். விளக்கு அணைந்தது. நீ திரைச்சீலையைத் தள்ளிக்கொண்டு வந்தாய், நல்ல கோட்டு, தலை பளபளவென்று இருந்தது. வந்ததும் வராததுமாக டார்மண்ட் பாட்டு. தியேட்டர் கைதட்டியது. அம்மா என் பக்கம் சாய்ந்தாள்.

"யாரோ பாடுறாங்க. அவன் எப்போ வருவான்?"

"இதுதாம்மா அவன்."

"இவனா? இது யாரோ வேத்தாளு. விளையாடாதே."

பிறகு டாலி வேன். பக்கத்தில் இருந்த தையல்காரர் கண்ணில் தண்ணீர் வர வர சிரிக்கிறார். "பொம்பளை பேசுறா. இவளுக்கு அடுத்து வருவானா?" என்று அம்மா கேட்கிறாள். செனட்டர் வந்தார். பாதிரியார் வந்தார். ஒவ்வொருவருக்கும் இடையில் அவள் முதுகை நிமிர்த்திக்கொள்கிறாள், இதோ இப்போது என்று. அந்த இங்கிலீஷ் அவளுக்குப் புரியாது. ஆனால் அவள் உன்னைக் கண்டுபிடிக்காதது பாஷை புரியாததால் அல்ல, லைபல். நீ அவ்வளவு நன்றாகச் செய்திருந்தாய். உன்னைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்த நானே கண்ணை மூடிப் பார்த்தேன். நீ அங்கே இல்லை. யார் யாரோ இருந்தார்கள், நீ மட்டும் இல்லை.

விட்லாக் இருமினார். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். படம் முடிந்து நீ குனிந்து வணங்கினாய். அதற்கும் பாதிரியார் குரலில்தான் நன்றி சொன்னாய்.

வீட்டுக்கு வந்தோம். கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு இப்படிச் சொன்னாள்:

"ஒரு இடத்துல வந்தான். இருமினான் பாரு, அப்ப. வேற யாரும் இல்ல, அது என் புள்ள. உங்க அப்பா இருமுற மாதிரியே இருமினான்."

அது வேஷம் அம்மா, அந்தக் கிழவர் அப்படித்தான் இருமுவார் என்றேன்.

"கிழவன் இருமல் எனக்குத் தெரியாதா? அவனை என்கிட்ட பேசச் சொல்லு."

நேற்று முதல் சரியாகச் சாப்பிடவில்லை.

பெய்லா


சரனாக் லேக்
ஜனவரி 28, 1929

அக்கா,

தனியாகத்தான் படித்தேன். பிறகு கஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் தாழ்வாரத்துக்குப் போய்விட்டான். அவன் சத்தமில்லாமல் போனதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

நீ கேட்டாய், ஏன் என்னைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டாய் என்று. காரணத்தை இதுவரை நான் எழுதவில்லை. ஸ்க்ரான்டனில் மே மாதமே எனக்குக் கைக்குட்டையில் ரத்தம் வந்தது. உன்னிடம் சொல்லவில்லை. அப்பாவுக்கு முதலில் குரல்தான் போனது, உனக்கு நினைவிருக்கும், கடைசியில் அவர் பேசியது கதவு உரசுவது போல இருந்தது. எனக்கும் போகும் என்று பயந்தேன். போவதற்கு முன்னால் எங்காவது ஒரு இடத்தில் அதை எடுத்து வைத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். கிராமபோன் கம்பெனிக்காரன் என்னைச் சேர்க்க மாட்டான். படக்காரன் கேட்டான், போட்டுவிட்டேன்.

மேடையில் நான் முதலில் வந்து நின்று பேசுவேனே, அதுதான் என் குரல். "பிரௌன்ஸ்வில்லிலிருந்து வருகிறேன், என் அம்மா நான் தொப்பி விற்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்" என்று ஆரம்பிக்குமே. அதை வைத்துத்தான் எழுதிக் கொடுத்தேன். ரீலில் இடம் போதவில்லை என்றார்கள், எதையாவது எடுக்க வேண்டும் என்றார்கள். நான் நடைக்கு வந்து உன்னைக் கேட்டேன். அதை ஒன்றைத்தான் உன்னைக் கேட்டேன். நீ என்ன சொன்னாய் என்று நான் எழுதப்போவதில்லை.

உன்மேல் தப்பில்லை. நல்ல ஐட்டத்துக்கு அதுதான் சரி. ஆனாலும் மனசு ஆறவில்லை, அக்கா. பொய் எழுத இஷ்டமில்லை.

லைபல்


பிரௌன்ஸ்வில்
பிப்ரவரி 18, 1929

லைபல்,

நீ எழுதாவிட்டால் நான் எழுதுகிறேன். "முன்னால இருக்கிற பேச்சை வெட்டுடா. உன் குரலைக் கேக்க எவன் டிக்கெட் வாங்குறான்?" என்றேன். இந்த மூன்று வாரமாக உனக்கு ஏன் கடிதம் போடவில்லை என்றால் இதை எழுதத்தான் கை வரவில்லை. பாத்திரம் துலக்கும்போதும் அது காதில் கேட்கிறது. நான் தொழிலைத்தான் பார்த்தேன். உன் தொண்டையை யார் பார்த்தார்கள்? நீ சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா, முட்டாளே!

அம்மா விடவில்லை. காலையில் எழுந்தால் "பேசினானா?" படுக்கும்போது "எப்போ பேசுவான்?" இதுதான். டாக்டரைக் கூட்டி வந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, கவலையை எடுத்தால் சாப்பிடுவாள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவரிடமா கவலையை எடுக்கும் இடுக்கி இருக்கிறது?

உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன், நான் ஒரு காரியம் செய்தேன். ஆர்ச்சி ஃபென்னைப் போய்ப் பார்த்தேன். ஆமாம், உன் டார்மண்ட் குரலைத் திருடி நெவார்க் மேடையில் செய்தானே, அந்தத் திருடனைத்தான். எங்கள் வீட்டுக்குக் கீழே மிட்டாய்க் கடைப் போனுக்குக் கூப்பிட்டு என் அம்மாவிடம் லைபல் மாதிரி இரண்டு நிமிஷம் பேசு, நம் யூதப் பாஷை உனக்கும் வருமே என்றேன். அவன் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். கண்ணை மூடி இரண்டு தடவை முயற்சி செய்தான். முதல் தடவை டார்மண்ட் வந்தது. இரண்டாவது தடவை விட்லாக்.

"மன்னிச்சுக்கோ பெய்லா. அவன் குரல் எனக்குத் தெரியல. அவன் எப்போ தன் குரல்ல பேசினான்? சாப்பிட உக்காந்தா செனட்டரா உப்பு கேப்பான். சண்டை போட்டாக்கூட பாதிரியாரா திட்டுவான். இந்த ஊர்ல எவன் குரல் வேணும் சொல்லு, செஞ்சு தர்றேன். அவனை எங்க இருந்து எடுக்கறது?"

திரும்பும்போது டிராமில் நானும் முயன்று பார்த்தேன். உன் குரலை மனசுக்குள் கொண்டுவர முடியவில்லை. கூடவே வளர்ந்தவள் நான்.

வழி தெரியவில்லை, லைபல். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், நீ பேசாதே. டாக்டர் சொன்ன நாள் வரை பொறுத்துக்கொள். நான் எதையாவது சொல்லிச் சமாளிக்கிறேன்.

பெய்லா


சரனாக் லேக்
மார்ச் 12, 1929

அன்புள்ள அக்கா,

ஆர்ச்சியை நினைத்துச் சிரித்தேன், நர்ஸ் வந்து அதட்டினாள். அவனிடம் சொல், டார்மண்ட்டை அவனே வைத்துக்கொள்ளட்டும்.

டாக்டர் கண்ணாடியைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்தார். நல்ல மனுஷர், சுற்றி வளைக்கவில்லை. இத்தனை மாத மௌனத்துக்குப் பிறகும் புண் ஆறவில்லையாம், கீழே இறங்குகிறதாம். பேசலாமா என்று எழுதிக் கேட்டேன். "பேசினா மிச்சம் இருக்கிறதும் போகும்" என்றார். பேசாவிட்டால் இருக்குமா என்று கேட்டேன். அவர் சிலேட்டைத் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். ஆகையால் யாருக்காகச் சேமிப்பது என்று நீயே சொல்.

எல்லாரும் வேஷம் கட்டிக் கூத்தடிக்கும் பூரிம் பண்டிகை அன்று, இருபத்தாறாம் தேதி, மதியம் மூன்று மணிக்கு ஓர்லின்ஸ்கி மாமி கடைப் போனுக்குக் கூப்பிடுகிறேன். நல்ல நாளில் பேசினால் அம்மா சந்தோஷப்படுவாள். நீ முதலில் எடு. எந்த ஊர் என்று ஆபரேட்டர் சொல்வதை அவள் கேட்கக் கூடாது. அந்த வாரம் நான் சிகாகோவில் இருக்கிறேன்.

என் குரல் இப்போது எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இங்கே வந்ததிலிருந்து நானே கேட்கவில்லை. ஒத்திகை பார்த்தால் வீணாகிவிடும் என்று பார்க்கவில்லை. இரண்டு வாக்கியம் தேறும் என்று நினைக்கிறேன். "அம்மா, நான் லைபல். நல்லா இருக்கேன்." அவ்வளவுதான். யாருடைய குரலும் இல்லாமல்.

வேண்டாம் என்று எழுதாதே. எழுதினாலும் கூப்பிடுவேன்.

லைபல்


சரனாக் லேக்
மார்ச் 26, 1929

அக்கா,

நீ அந்தப் பக்கம் நின்றாய், அம்மா பேசியது உனக்குக் கேட்டிருக்கும். நான் பேசியது கேட்டிருக்காது. கேட்டுக்கொள்.

வரவேற்பறைப் போன் பக்கத்தில் கஸ் எனக்காக நாற்காலி பிடித்துக்கொண்டு நின்றான். மாமி கடைக்குள் பிள்ளைகள் கொட்டடிக்கும் சத்தம், வேஷக்காரர்கள் கூச்சல், எல்லாம் கேட்டது. நீ அம்மா கையில் கொடுத்தாய். "லைபல்? லைபலா?" என்றாள். நான் "அம்மா" என்றேன்.

அக்கா, அந்தச் சத்தம் என்னிடமிருந்துதான் வந்தது. கஸ் தலையைத் திருப்பிக்கொண்டான். அப்பாவின் கடைசிக் காலத்துக் குரலைவிடக் கேவலம். ஈர மரத்தை அறுப்பது போல இருந்தது.

அம்மா போனைக் காதில் இன்னும் அழுத்திக்கொண்ட சத்தம் கேட்டது. பிறகு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை வருஷம்!

"அட போக்கிரி! பூரிம் வேஷமா? போன்லயுமா? யாருடா இந்தக் கிழவன்?"

நான் இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லியிருக்க வேண்டும். "நான் லைபல், நல்லா இருக்கேன்" என்று. அந்தக் குரலில் அதைச் சொன்னால், அது நிஜமாகவே என் குரல் என்று அவள் நம்பிவிடுவாளோ என்று பயந்துவிட்டேன். நம்ப வைக்கத்தானே கூப்பிட்டேன்? ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். "மலையில இருக்கிற ஒரு கிழவர்மா. சொந்தக்காரங்க யாரும் இல்ல" என்று சொன்னேன். எங்கிருந்து வந்தது என்று தெரியாது. வாய் தானாகச் சொல்லிவிட்டது, பழக்கம்.

"ரொம்ப நல்லா செய்றே. போதும். இப்ப உன் குரல்ல பேசு. ஒரு வார்த்தை பேசு, கண்ணு" என்றாள்.

வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. அவள் "பேசுடா, பேசு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் போனை வைக்கவில்லை. கஸ்தான் என் கையிலிருந்து வாங்கி வைத்தான்.

லைபல்


பிரௌன்ஸ்வில்
ஏப்ரல் 9, 1929

என் தம்பிக்கு,

உனக்கு எப்படித் தேறுதல் சொல்வதென்று தெரியாமல் இத்தனை நாள் இழுத்துவிட்டேன். நடந்ததை எழுதுகிறேன்.

கம்பி அறுந்துவிட்டது, சிகாகோவில் புயல் என்று சொன்னேன். நம்பினாள். அன்று இரவு சூப்பும் ரொட்டியும் வயிறு நிறையச் சாப்பிட்டாள். அதன் பிறகு தினமும் சாப்பிடுகிறாள். மாடிப்படியில் யார் எதிர்ப்பட்டாலும் நிறுத்திவைத்துச் சொல்கிறாள்:

"என் பையன் ஒரு கிழவன் வேஷம் போட்டான் பாரு, சாகக் கிடக்கிற கிழவன். அப்படியே உசிரு போற மாதிரி! நெஞ்சுல பலம் இல்லாதவன் அப்படிப் பேச முடியுமா? நான்தான் பைத்தியக்காரி, அவனுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு பயந்துட்டேன். படத்துல இருமினதும் வேஷம்தான். எங்க வீட்டுக்காரரைப் பாத்துக் கத்துக்கிட்டிருக்கான், திருட்டுப் பய."

அவளுடைய கவலை தீர்ந்துவிட்டது, லைபல். நாம் இருவரும் விரும்பியது அதுதான். நான் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன். இப்போது வெங்காயம் என்று சொல்லவும் தோன்றுவதில்லை, அவள் கேட்பதும் இல்லை.

ஒன்றே ஒன்றுதான் அவளுக்குக் குறை. "எல்லாம் செய்றான், என்கிட்ட மட்டும் அவனா பேச மாட்டேங்கிறான்" என்கிறாள். கோபமாக இல்லை, செல்லமாகத்தான்.

போன வாரம் திடீரென்று கேட்டாள். "அந்தக் கிழவன் நிஜமாவே இருக்கானாடி? இவன் ஆளைப் பாக்காம செய்ய மாட்டானே. யாரும் இல்லாத மனுஷன்னு சொன்னான். மலைக் குளிர்ல கெடக்குறானோ என்னவோ." நான் இருக்கிறார் என்றேன். வேறென்ன சொல்வது? அவள் சாக்ஸை ஓரமாக வைத்துவிட்டு, விரலால் தடவித் தடவி இந்தப் பார்சலில் இருப்பதைப் பின்னி முடித்தாள். நிறம் என்ன என்று கேட்டாள். கிழவருக்கு ஏற்ற சாம்பல் நிறம் என்றேன், அவள் எடுத்தது பச்சை.

பார்சலில் கழுத்துக்குச் சுற்றும் துணி இருக்கிறது. உனக்கு இல்லை, அந்தக் கிழவருக்கு. அவரிடம் கொடுத்துவிடச் சொன்னாள்.

பெய்லா


சரனாக் லேக்
ஏப்ரல் 20, 1929

அக்கா,

இதைக் கஸ் எழுதுகிறான், நான் விரலால் அவன் உள்ளங்கையில் எழுதிக் காட்டுகிறேன். சிலேட்டைத் தூக்க முடிவதில்லை. கையெழுத்தைத் திட்டாதே.

துணி வந்தது. கிழவர் சுற்றிக்கொண்டார். கதகதப்பாக இருக்கிறதாம், அந்த அம்மாவிடம் சொல்லச் சொன்னார்.

அந்த அம்மாவுக்கு மகன் என்று யாராவது இருக்கிறானா என்றும் கேட்டார். இருக்கிறான், ஊர் ஊராகப் போய் எல்லார் மாதிரியும் பேசுவான் என்று சொல்லிவிட்டேன். பெற்றவளிடம் மட்டும் ஏன் பேசுவதில்லை என்று கேட்கிறார். தினமும் கேட்கிறார், அக்கா.

லைபல்